கொரைராவின் இடது கை

ஆறு பேருக்கும் தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் வந்திருந்தது. நறுமுகைக்குத் தொண்ணூற்றேழு. தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சூட்டோடு யாரோ சமையல்கூடத்துக்குச் சொல்லிவிட, காலை பத்து மணிக்கெல்லாம் பயிற்சித் தளம் முழுக்கக் கேசரி மணந்தது. கமாண்டர் இன்னாசி கொரைராவுக்கு மட்டும் ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

வருகிறவர் போகிறவர் எல்லாம் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், அதுவும் இடது கையை. தளத்தில் அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டிருந்தது. மதிப்பெண் வாங்கியது அந்த ஆறு விமானிகள். ஆனால் வேலை செய்தது கொரைராவின் இடது கை. அது எப்படி என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த ஆறு பேரும் தெற்குக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். செம்மணல் மேடுகளான தேரிக்கு நடுவே, விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தை அளவு பிசகாமல் நிலத்தில் கட்டி வைத்திருந்தார்கள். இரும்புத் தரை, குறுக்கே நான்கு கம்பிகள், முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த மூக்கு. கடல் ஒன்றுதான் குறை. ஆறு பேரும் விமானப்படைக்காரர்கள், இரண்டு மைல் நீள ஓடுபாதையில் பழகியவர்கள். அந்தக் குட்டைத் தளத்தைப் பார்த்ததும் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

கொரைரா தூத்துக்குடிக்காரர், பதினெட்டு வருஷம் கப்பலிலிருந்து பறந்தவர். தாடியைச் சொறிந்துகொண்டே முதல் வகுப்பை ஆரம்பித்தார்.

"தரையில எறங்கும்போது கடைசி நொடியில என்ன செய்வீங்க? யாராவது சொல்லுங்க."

தாரமங்கலத்துப் பெண் நறுமுகை எழுந்தாள். இருபத்தெட்டு வயது, ஆறு பேரில் இளையவள். "மூக்கை லேசாத் தூக்குவோங்க சார். பஞ்சு மேல வைக்கிற மாதிரி வைப்போம். வச்சதும் எஞ்சினைக் குறைச்சிருவோம்."

"கப்பல்ல அப்படிச் செஞ்சா கடல்லதான் கிடப்பீங்க. இங்க மெதுவா வைக்கக் கூடாது, போட்டு அடிக்கணும். சக்கரம் தொட்டதும் இடது கை, எஞ்சின் வேகத்தைக் கூட்டுற த்ராட்டிலை முழுசா முன்னாடி தள்ளணும். வால்ல இருக்க கொக்கி கம்பியில மாட்டிச்சுன்னா, கம்பி இழுத்து நிறுத்திரும். மாட்டலைன்னா அந்த வேகத்துலயே மறுபடி பறந்துரலாம்."

"பறந்து, சுத்தி வந்து, திரும்ப எறங்கலாங்களா?"

கொரைரா இடது கையால் தாடியைச் சொறிந்தார். பிறகு சொன்னார். "கப்பலுக்குன்னே பொறந்த விமானமா இருந்தா எறங்கலாம். உங்க விமானம் தரைக்குப் பொறந்தது. கப்பலுக்கு வர வேண்டிய விமானம் வர இன்னும் ஆறு வருஷம் ஆகும்ங்காங்க. அதுவரைக்கும் கிழக்க இருக்கவன் சும்மா இருப்பானா? அதான் உங்க விமானத்தைப் பிடிச்சு, காலைத் தடியாக்கி, முதுகெலும்பைப் பலப்படுத்தி, வாலுக்குக் கீழ கொக்கி வச்சிருக்காங்க. அதுல ஒரு டன் எடை கூடிப்போச்சு. கப்பல்ல ஓட இடம் கொஞ்சம்தான். அந்த எடையோட மேல எழும்பணும்னா வேற எதையாவது எறக்கி வைக்கணும். குண்டை எறக்க மாட்டாங்க."

"எரிபொருளைக் குறைச்சிட்டாங்களா சார்?"

"ஒரு தடவை எறங்குறதுக்குத்தான் இருக்கும். அது தவறிச்சுன்னா பாராசூட்டோட குதிக்கணும். விமானம் கடலுக்கு."

பின்வரிசையில் ஒருவர் கேட்டார். "விமானத்துக்குக் காலை மாத்தியாச்சு. ஓட்டுற எங்களுக்கு என்னத்தை மாத்தப் போறீங்க?"

"கையை" என்றார் கொரைரா.

கையை மாற்றுகிற வேலை டாக்டர் ஹமீதாவுடையது. காயல்பட்டினத்துக்காரர், நரம்பு மருத்துவர். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"கப்பல் விமானியோட கை பழக ஆறு வருஷம் ஆகும். நமக்கு இருக்கிறது மூணு மாசம்" என்றார் அவர். "கை பழகினதெல்லாம் பிடரிக்கு மேல, மூளையில ஒரு ஓரத்துல எழுதியிருக்கும். கமாண்டர் சிமுலேட்டர்ல உக்காந்து எறக்குவாரு. அதை நாங்க அவர் தலையிலிருந்து படிச்சு, உங்க தலையில எழுதுவோம். வலிக்காது."

"ஏற்கெனவே அங்க எழுதியிருக்கிறது என்னங்க ஆகும்?" என்று நறுமுகை கேட்டாள்.

"அது மேலதானேம்மா எழுதியாகணும்."

"அழிஞ்சா திரும்பி வருமா?"

"வராது" என்றார் ஹமீதா. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். போர் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது, சீருடையில் இருக்கிறவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

நாற்பது நாள் காலையில் கொரைரா தலையில் கவசத்தை மாட்டிக்கொண்டு இல்லாத கப்பலில் இறங்கிக்கொண்டே இருந்தார். பக்கத்து அறையில் ஆறு பேர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்கள். மூன்றாவது வாரத்திலேயே அவர் கை அவர்களுக்கு வந்துவிட்டது. எந்த அளவுக்கு என்றால், சாப்பாட்டு அறையில் ஆறு பேரும் யோசிக்கும்போதெல்லாம் இடது கையால் தாடையைச் சொறிய ஆரம்பித்தார்கள். ஆறு பேரில் ஒருவருக்கும் தாடி கிடையாது. நறுமுகையின் அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, கன்னத்தில் பருவா என்று கேட்டாராம். தளமே சிரித்தது.

"சார், இந்தக் கைக்குச் சடை பின்ன மறந்துபோச்சுங்க" என்று அவள் ஒருநாள் சொன்னாள். கொரைரா அதற்கும் சிரித்தார். அறைக்குப் போன பிறகு அந்தச் சிரிப்புக்காக வெட்கப்பட்டார். மறுநாள் பார்த்தால் அவள் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டிருந்தாள்.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். எல்லோரும் மேலே இருந்த கூட்டுத்தொகையைத்தான் பார்த்தார்கள். கொரைரா கீழே வரைக்கும் படித்தார். பதினேழாவது வரிசையில் 'சிவப்பு விளக்கு, கடைசி மூன்று நொடி' என்று இருந்தது.

கப்பலில் விமானம் இறங்கும்போது தளத்தின் ஓரத்தில் ஓர் அதிகாரி நின்றுகொண்டு வழி சொல்வார். தளத்தில் ஆளோ பொருளோ குறுக்கே இருந்தால், கையிலிருக்கும் பொத்தானை அழுத்துவார். சிவப்பு விளக்குகள் மின்னும். மின்னினால் விமானி யோசிக்கவே கூடாது, த்ராட்டிலைத் தள்ளிக்கொண்டு மேலே போய்விட வேண்டும். கப்பலில் இதற்கு மேல் ஒரு சட்டம் இல்லை. தூரத்தில் வரும்போதே விளக்கு எரிந்தால் ஆறு பேரும் ஒழுங்காக மேலே போயிருந்தார்கள். கடைசி மூன்று நொடிக்குள் எரிந்தபோது ஒருவர் கையும் அசையவில்லை. நேராகத் தளத்தில் கொண்டுபோய் இறக்கியிருந்தார்கள். அந்த வரிசைக்கு நேரே ஆறு பேருக்கும் நூற்றுக்கு நூறு போட்டிருந்தது.

கொரைரா தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஹமீதாவின் அறைக்குப் போனார்.

"டாக்டர், இந்த வரிசைக்கு எப்படி நூறு போட்டீங்க?"

"நான் எங்க போட்டேன் அண்ணாச்சி, மெஷின் போட்டுச்சு." ஆள் இல்லாத நேரத்தில் ஹமீதா அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். "உங்க கையும் அவங்க கையும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பாக்கும். முழுசா ஒத்துப்போனா நூறு."

"அந்த எடத்துல நான் என்ன செஞ்சேன்?"

ஹமீதா திரையைத் திருப்பிக் காட்டினார். "நாப்பது நாள்ல எட்டுத் தடவை விளக்கு கடைசியில எரிஞ்சிருக்கு. எட்டுத் தடவையும் நீங்க எறங்கிட்டீங்க. அதான் அவங்களும் எறங்குறாங்க. அவ்வளவு கிட்ட வந்த பிறகு திரும்புறது ஆபத்து, அதான் கப்பல்காரங்க வழக்கம்னு நான் நினைச்சுக்கிட்டேன். இல்லையா?"

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டியில் இருந்தது ஒரு பருக்கை குறையாமல் வந்திருந்தது. எட்டுத் தடவையும் விளக்கைப் பார்த்தது கொரைராவுக்கு நினைவிருந்தது. இறங்கியதும் நினைவிருந்தது. சிமுலேட்டர்தானே என்று தனக்குத்தானே சொல்லி மூடிவைத்திருந்தார்.

"அது வழக்கம் இல்லையா அண்ணாச்சி?" என்று ஹமீதா மறுபடி கேட்டார்.

"பாத்துச் சொல்லுதேன்" என்று எழுந்துவிட்டார்.

பார்க்க என்ன இருக்கிறது? பதினொரு வருஷமாக அவருக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கு மழை. கொரைரா இறங்கி வருகிறார். தளத்தில் ஒடிசாக்காரர் பிஷ்ணு, கம்பியில் கொக்கி சிக்கினால் எடுத்துவிடுகிற வேலைக்காரர், கால் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். ஓரத்தில் நின்ற அதிகாரி சடகோபன் சிவப்பு விளக்கைப் போட்டார். கொரைரா பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கை அசையவில்லை. ஏன் என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பிஷ்ணு அங்கேயே முடிந்தார்.

விசாரணையில் கொரைரா சொன்னது ஒரே வாக்கியம். "விளக்கு எரிந்ததை நான் பார்க்கவில்லை." அவர் பார்க்கவில்லை என்றால் சடகோபன் நேரத்தில் போடவில்லை என்று ஆகிவிடும் அல்லவா? ஆகிவிட்டது. சடகோபன் உத்தியோகத்தை விட்டு, கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் மேலாளராகப் போய்ச் சேர்ந்தார். கொரைராவுக்குப் பதவி உயர்வு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றைப் பதினொரு வருஷம் தின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஹமீதாவிடம் போய், பதினேழாவது வரிசையை மட்டும் திரும்பப் பதிவு செய்ய வேண்டும் என்றார். நல்ல கையாக ஒன்று கொடுத்துவிட்டால் முடிந்துபோகும், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் அவருடைய திட்டம். சிமுலேட்டரில் உட்கார்ந்தார். சிவப்பு எரியும், எரிந்ததும் தள்ள வேண்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். எரிந்தது. கை த்ராட்டில் மேல் சும்மா கிடந்தது. மறுபடி, அதற்குப் பிறகும் மறுபடி. பதினான்காவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு தோளால் தள்ளிப் பார்த்தார். தோள் நடுங்கியது. கை நடுங்கக்கூட இல்லை.

ஹமீதா எந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "அன்னைக்கு அங்க நின்னது யாரு அண்ணாச்சி?"

"என்னைக்கு?"

"ஏதோ ஒரு நாள் இருந்திருக்கு. கை சும்மா இப்படி ஆகாது."

கொரைரா சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னார்.

"எழுதினதை என்னால அழிக்க முடியாது" என்றார் ஹமீதா. "இதே எடத்துல இன்னொரு தடவை எழுதினா கை மொத்தமா மரத்துப் போயிரும். மேலிடத்துல சொல்லிருங்க. ஒன்பது நாள்ல கப்பல்ல ஒத்திகை வச்சிருக்காங்க. நீங்க சொன்னா நிறுத்துவாங்க."

"சொல்லுதேன்."

இரண்டு நாள் தலைமை அலுவலகத்துக்கும் தன் அறைக்கும் நடுவே குட்டி போட்ட பூனையாக அலைந்தார். கதவுவரைக்கும் போவார், திரும்பி வந்துவிடுவார். பதவி போவது பெரிதில்லை. சொன்னால் சடகோபன் வீட்டுப் படியேறி, அந்த மனுஷனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் அவரால் முடியவில்லை. மூன்றாவது நாள், மேலிடத்துக்குப் பதிலாக நறுமுகையைத் தேடிப் போனார். தொண்ணூற்றேழு வாங்கியவள் அவள்தான். நாளைக்கு யாராவது செத்தால், தன் கையால் செத்தார் என்று நினைத்து வாழப் போகிறவளும் அவள்தான்.

பொய்க் கப்பலின் தளத்தில் விமானத்தின் நிழலில் அவள் உட்கார்ந்திருந்தாள். கொரைரா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"எனக்குத் தெரியுங்க சார்" என்றாள், அவர் முடித்ததும்.

"என்ன தெரியும்?"

"கை கேக்கலைன்னு. மூணாவது வாரமே தெரியும். சிமுலேட்டர்ல லைட்டைப் பாக்கறேன், தள்ளுன்னு சொல்றேன், கை கேக்க மாட்டேங்குது. எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு வாயே தெறக்கலை. அப்புறம் பாத்தா நூறு மார்க் போட்டிருந்தாங்க. அப்பாடான்னு இருந்துச்சு." அவள் தன் இடது கையை மடியில் வைத்து, யாரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஒண்ணு கேக்கட்டுங்களா சார்? கை உங்களுது. சரி. இப்படிச் சொல்லாம மறைச்சு வச்சேனே, அதுவும் உங்ககிட்ட இருந்து வந்ததா, இல்ல என்னோடதேதானா?"

"தெரியலைம்மா."

"மத்த அஞ்சு பேரையும் கேட்டுப் பாருங்க."

கேட்டார். ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, சிவப்பு எரியும்போது கை ஏதாவது தகராறு செய்கிறதா என்று கேட்டார். ஐந்து பேரும் அவர் கண்ணைப் பார்த்து, "இல்ல சார், எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். ஐந்து பேரின் இடது கையும் தாடைக்குப் போனது.

அதன் பிறகாவது மேலிடத்தில் சொன்னாரா? இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். ஒத்திகைதானே, தளத்தில் யாரும் குறுக்கே வரப்போவதில்லை, பொத்தானைப் பிடித்து நிற்கப்போவதும் நான்தானே, முதலில் அது முடியட்டும் என்று காரணம் கண்டுபிடித்தார். மனுஷனுக்குக் காரணமா கிடைக்காது? இதற்கு நடுவே ஹமீதா ஒரு சேதி சொன்னார். நறுமுகை தினமும் மத்தியானம் தனியாக வந்து சிமுலேட்டரில் உட்காருகிறாளாம். என்ன செய்கிறாய் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுகிறாளாம்.

கப்பல் கிளம்பியது. கரை மறைந்த மூன்றாவது நாள் காலை ஒத்திகை. வானமும் கடலும் ஈய நிறத்தில் கிடந்தன. கொரைரா தளத்தின் ஓரத்தில், வலது கையில் பொத்தானோடு நின்றார். கட்டை விரலை அதன் மேலிருந்து எடுக்கவே இல்லை.

முதல் விமானம் வந்து அடித்து இறங்கியது. கொக்கி மாட்டியது, கம்பி இழுத்து நிறுத்தியது. இரண்டாவதும் அப்படியே. மேலே மாடத்தில் நின்ற பெரிய அதிகாரிகள் கைதட்டினார்கள். மூன்றாவது இறங்கி ஒதுங்கிய பிறகு கம்பி திரும்பச் சுருளவில்லை. தளத்தின் நடுவே ஓர் இரும்புக் கண்ணியில் சிக்கி முறுக்கிக்கொண்டு நின்றது. கம்பிக்குப் பொறுப்பான கமுதிக்காரர் முத்திருளன் கடப்பாரையோடு ஓடினார். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் நான்காவது விமானம் ஏற்கெனவே இறக்கத்தில் இருந்தது. எரிபொருள் குறைவு என்பதால் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி விட்டிருந்தார்கள். நான்காவது நறுமுகை.

"வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று கொரைரா கத்தினார். காற்றிலும் இரைச்சலிலும் முத்திருளனுக்குக் காது கேட்கவில்லை. நிமிர்ந்து பார்க்காமல் கம்பியை நெம்பிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் இழுக்க நேரமில்லை.

கொரைரா பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்குகள் வரிசையாக மின்னின. கடைசி மூன்று நொடி. அவள் பார்ப்பாள், கை கேட்காது, அவருக்குத் தெரியும். மைக்கில், "நறுமுகை, மேல போங்க, மேல போங்கம்மா" என்றார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் சடகோபன் இதே மாதிரிதான் கத்தினார். அதையும் கொரைரா கேட்டிருந்தார்.

எஞ்சின் உறுமியது. விமானத்தின் மூக்கு நிமிர்ந்தது. முத்திருளன் குப்புற விழுந்தார். அவர் முதுகுக்கு ஓர் ஆள் உயரத்தில் கொக்கி கடந்து போனது. சக்கரம் தளத்தைத் தொடவே இல்லை. விமானம் கப்பலின் மூக்கு வளைவைத் தாண்டி மேலே ஏறியது. அப்போதுதான் கொரைரா பொத்தானிலிருந்து கட்டை விரலை எடுத்தார்.

ரேடியோவில் அவள் குரல் நிதானமாக வந்தது. "அந்த ஆளு நல்லா இருக்காருங்களா சார்?"

"நல்லா இருக்காரும்மா."

"சரிங்க. எண்ணெய் அவ்வளவுதான். குதிக்கறேன்."

பாராசூட் விரிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். விமானம் இன்னும் கொஞ்சதூரம் போய், சாய்ந்து, கடலுக்குள் போனது. கம்பியை எடுத்துவிட்டதும் மிச்ச இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். ஹெலிகாப்டர் இருபது நிமிஷத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தது. தோள்பட்டை இறங்கியிருந்ததைத் தவிர வேறு காயமில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் கப்பலிலேயே விசாரணை. தலைவராக உட்கார்ந்தவர் நரைத்த, மரியாதையான மனிதர். பேசியதெல்லாம் ஆங்கிலத்தில், அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும். முதலில் நறுமுகையின் விமானத்துக்குள் எடுத்த படத்தை ஓட்டினார்கள். சிவப்பு எரிகிறது. த்ராட்டில் மேல் இடது கை அசையாமல் கிடக்கிறது. வலது கை கட்டுப்பாட்டுக் கோலை விட்டுவிட்டுக் குறுக்கே வந்து, அந்த இடது மணிக்கட்டைப் பிடித்து, ஒரு முரட்டு மாட்டைத் தள்ளுவதுபோல் முன்னால் தள்ளுகிறது. தள்ளிவிட்டு ஓடிப்போய்க் கோலைப் பிடிக்கிறது. எல்லாம் ஒரு நொடி. மத்தியானம் மத்தியானம் சிமுலேட்டரில் அவள் பழகியது இதைத்தான் என்று கொரைராவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"இறங்கும்போது கோலை விட்டுக் கையை எடுத்திருக்கிறார். விதிமீறல்" என்றார் தலைவர். "ஒத்துப்போன அளவு அறுபத்தொன்று. ஒரு விமானம் போய்விட்டது. கமாண்டர், நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?"

கொரைரா எழுந்தார். இந்தத் தடவை வாய் கேட்டது. பிஷ்ணுவைப் பற்றி, விளக்கைப் பற்றி, சடகோபனைப் பற்றி, தன் கையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் கைதான் ஆறு பேருக்கும் போயிருக்கிறது, கோளாறு அந்தப் பெண்ணிடம் இல்லை, என்னிடம், மிச்ச ஐந்து பேரையும் உடனே நிறுத்துங்கள் என்றார்.

தலைவர் முழுவதும் கேட்டார். ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்கள். இதில் எங்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை. அன்றைக்கு நீங்கள் போட்டிருந்த கவசத்தில் கண் எங்கே பார்க்கிறது என்ற பதிவு இருந்தது. அப்போது யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. இந்த வேலைக்கு ஆள் தேடியபோது பார்த்தோம்."

"தெரிந்துமா என்னை எடுத்தீர்கள்?"

"தெரிந்ததால் எடுத்தோம். நான்கு பேருடைய கை எங்களுக்குக் கிடைத்தது. மூன்று பேர் சிவப்பைப் பார்த்ததும் மேலே போய்விடுகிறார்கள். இந்த விமானத்தில் மேலே போனால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்தீர்கள். ஒரு தடவைக்குத்தான் எரிபொருள். உங்கள் கை ஒன்றுதான் எது நடந்தாலும் கீழே வரும்." அவர் குரலை உயர்த்தவில்லை. "இந்தக் கப்பலில் ஆயிரத்து அறுநூறு பேர் இருக்கிறார்கள். மேலே காவலுக்கு விமானம் இல்லையென்றால் அத்தனை பேருக்கும் ஆபத்து. ஒரு பக்கம் ஓர் ஆள், இன்னொரு பக்கம் ஆயிரத்து அறுநூறு பேர். எனக்கும் இது பிடித்தமான வேலை இல்லை, கமாண்டர்."

"சடகோபன்?"

"அதைத் தனியாக எழுதிக் கொடுங்கள். பார்க்கலாம்."

சாயங்காலத்துக்குள் தீர்ப்பு எழுதி ஒட்டிவிட்டார்கள். ஐந்து பேர் கப்பல் பணிக்குத் தகுதி. நறுமுகை தகுதியில்லை, தரைக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார். அடுத்த மாதம் பன்னிரண்டு பேர் கொண்ட இரண்டாவது அணி வருகிறது. அதற்குக் கொரைரா மறுபடி உட்கார வேண்டியதில்லை, பதிவு ஏற்கெனவே கையில் இருக்கிறது.

அவளை ஏற்றிப்போக ஹெலிகாப்டர் நின்றது. தோளில் கட்டோடு அவள் வந்தாள்.

"தரையில போய்ப் பழையபடி பறப்பீங்க" என்றார் கொரைரா. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"எப்படிங்க சார்? தரையில மெதுவால்ல வைக்கணும். அது அழிஞ்சு போச்சுங்களே." அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. "பரவாயில்லைங்க. ஒரு தடவை கை கேட்டுச்சு. போதும்."

ஹெலிகாப்டர் போனதும் கொரைரா நேராக இரண்டு அடுக்கு கீழே இறங்கி, தளத்தில் வேலை செய்கிறவர்கள் சாப்பிடும் அறைக்குப் போனார். நாற்பது பேர் இருந்தார்கள். ஓர் அதிகாரி உள்ளே வந்ததும் எல்லோரும் எழப் பார்க்க, கையமர்த்தினார்.

"ஒரு விஷயம் சொல்லணும். மேல இருக்கவங்க சொல்லச் சொல்லலை, நானாச் சொல்லுதேன். சிவப்பு விளக்கு எரிஞ்சா விமானம் மேல போயிரும்னு நம்பி இனிமே யாரும் வேலையைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க. அது போகாது. எரிஞ்ச உடனே கையில இருக்கறதைப் போட்டுட்டு ஓடிருங்க."

முத்திருளன் தட்டைக் கீழே வைத்தார். அன்றைக்கு விழுந்ததில் நெற்றியில் தையல் போட்டிருந்தது.

"அந்தம்மா மேல போனாங்களே சார்" என்றார்.

"போனாங்க" என்றார் கொரைரா. "அதனாலதான் அனுப்பிட்டாங்க."